காலாவதி தேதி இல்லாத பெட்டி

சென்ற மாதம் ஒரு செல்போன் கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடி அலமாரி, குளுகுளு ஏ.ஸி., கழுத்தில் அடையாள அட்டையுடன் ஒரு பையன். கேமரா எத்தனை மெகாபிக்ஸல், பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், முழுசாக சார்ஜ் ஏற எத்தனை நிமிஷம், எல்லாவற்றையும் வாய்ப்பாடு போல ஒப்பித்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இதுக்கு செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷம் வரும்?" என்றேன்.

"அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா வந்துடும் சார்."

"சரி, எத்தனை வருஷம்?"

"வந்துக்கிட்டே இருக்கும் சார்" என்றான். கொஞ்சம் யோசித்து, "பின்பக்கக் கவர் ஃப்ரீ" என்றான்.

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதிகபட்ச விலை இருந்தது. தயாரித்த மாதம், வருஷம், இறக்குமதி செய்தவர் விலாசம் எல்லாம் இருந்தது. நான் தேடிய ஒரு தேதி மட்டும் இல்லை. பக்கத்துப் பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு விற்கும் பிஸ்கட் பாக்கெட்டில் அது இருக்கிறது. எந்தத் தேதிக்கு மேல் இதைத் தின்னாதே என்று பிஸ்கட்காரர் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறார். பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் போன் விற்கிறவர் சொல்ல மாட்டேன் என்கிறார்.

'போனாவது, கெட்டுப்போவதாவது, என்ன ஊசிப்போன உப்புமாவா?' என்று நீங்கள் கேட்கலாம். கெட்டுப்போகும். வாசனை வராது, அதுதான் வித்தியாசம். எப்படிக் கெடுகிறது என்பதற்கு ஒரு மாட்டுக் கதை சொல்கிறேன். கதையில் கொஞ்சம் கம்ப்யூட்டர் வரும். பயப்படாதீர்கள், தாலுகா ஆபீஸுக்குப் போயிருக்கிறீர்கள் என்றால் புரிந்துவிடும்.

உங்கள் ஆண்ட்ராய்ட் போனின் அடியாழத்தில் ஓடிக்கொண்டிருப்பது லினக்ஸ் என்கிற இயங்குதளத்தின் கர்னல். 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஆரம்பித்துவைத்தது. இன்று உலகத்தின் பெரும்பாலான வெப் சர்வர்களிலும் அதுதான், உங்கள் சட்டைப்பையிலும் அதுதான். கர்னலின் முக்கியமான வேலைகளில் ஒன்று, மெமரியைப் பங்கிட்டுக் கொடுப்பது. எந்த புரோகிராம் எந்தப் பக்கத்தைப் படிக்கலாம், எதில் எழுதலாம், எதைத் தொடவே கூடாது என்று அது தீர்மானிக்கிறது. 'பக்கம்' என்பது என் உவமை இல்லை. மெமரியை 4,096 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, அவற்றைப் பக்கங்கள் என்றுதான் அந்தத் துறையில் சொல்கிறார்கள்.

இப்போது தாலுகா ஆபீஸ். ஒரே ஒரு ஒரிஜினல் ரிஜிஸ்தர் இருக்கிறது. பத்துப் பேர் வந்து பார்க்கிறார்கள். பத்துப் பேருக்கும் பத்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது வீண் செலவு. குமாஸ்தா புத்திசாலி. சும்மா படிக்கிறவர்களுக்கு ஒரிஜினலையே காட்டுகிறார். 'சார், இதில் நான் கொஞ்சம் கிறுக்கிப் பார்க்கணும்' என்று யாராவது கேட்டால் மட்டும், அந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அதில் கிறுக்கச் சொல்கிறார். ஒரிஜினல் பத்திரம். இந்த உத்திக்குப் பெயர் காப்பி ஆன் ரைட். எழுதும்போது மட்டும் நகல். நல்ல யோசனைதான். கம்ப்யூட்டர்கள் வேகமாக ஓடுவதற்கு இந்த மாதிரி சிக்கனங்கள்தான் காரணம்.

இங்கே ஒரு அண்ணன், தம்பி வருகிறார்கள். அண்ணன் முதல் ஜன்னலில் டோக்கன் நீட்டுகிறான். 'எழுத வேண்டும்' என்று அதில் போட்டிருக்கிறது. குமாஸ்தா ஜெராக்ஸ் எடுத்து மேஜையில் வைக்கிறார். நகல் எடுத்தாயிற்று, இனிமேல் பிரச்னை இல்லை என்று டோக்கனில் 'எழுத' என்ற வார்த்தையை அடித்துவிடுகிறார். அந்த நேரம் பார்த்து தம்பி இரண்டாவது ஜன்னலில் வந்து, 'சார், அந்த ஜெராக்ஸ் எங்களுக்கு வேண்டாம், கிழிச்சுப் போட்டுடுங்க' என்கிறான். கிழித்தாகிவிட்டது. குமாஸ்தா திரும்பி வந்து பார்க்கிறார். மேஜையில் நகலைக் காணோம். டோக்கனைப் பார்க்கிறார். 'எழுத' என்பது அடித்திருக்கிறது. ஓ, படிக்கத்தான் கேட்கிறான் போலிருக்கிறது என்று ஒரிஜினலையே எடுத்து நீட்டுகிறார். அண்ணன் கையில் பேனா தயாராக இருக்கிறது.

அவ்வளவுதான். பட்டாவில் பெயர் மாறிவிட்டது.

நிஜத்தில் இந்த இரண்டு வேலைகளும் கம்ப்யூட்டருக்குள் ஏககாலத்தில், ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப நடக்கும். பெரும்பாலான தடவை குமாஸ்தா சரியாகவே செய்துவிடுவார். என்றைக்காவது ஒரு தடவை நேரம் சரியாக மாட்டும். அந்த ஒரு தடவை போதும். படிக்க மட்டுமே அனுமதியுள்ள ஒரு சிஸ்டம் ஃபைலில் சாதாரண ஆசாமி தன் இஷ்டத்துக்கு எழுதிவிடலாம். அடுத்த நிமிஷம் அவன்தான் அந்த மெஷினுக்கு எஜமான். கம்ப்யூட்டர் பாஷையில் ரூட். நடந்ததற்கு லாக் புத்தகங்களில் வழக்கமான தடயம் எதுவும் இருக்காது.

இந்த ஓட்டைக்கு அதிகாரபூர்வமான எண் சி.வி.இ. 2016-5195. செல்லப் பெயர் டர்ட்டி கௌ, அழுக்கு மாடு. காப்பி ஆன் ரைட் என்பதன் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் கௌ. எழுதப்பட்ட பக்கத்தின் மேல் கர்னல் வைக்கும் அடையாளத்துக்கு டர்ட்டி என்று பெயர். இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்து, லோகோவும் போட்டார்கள்.

2016-ல் இதைக் கண்டுபிடித்தவர் ஃபில் ஓஸ்டர் என்ற லினக்ஸ்காரர். அதுவும் எப்படி? உட்கார்ந்து யோசித்து அல்ல. தான் பராமரித்த சர்வருக்கு வரும் தகவல்களை எல்லாம் பிடித்துச் சேமித்து வைக்கிற நல்ல பழக்கம் அவருக்கு இருந்தது. யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று தெரிந்து, அந்தச் சேமிப்பைத் துழாவியதில் திருடன் உபயோகித்த சாவியே கிடைத்துவிட்டது. அதாவது நல்லவர்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கெட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எத்தனை நாளாக இந்த ஓட்டை இருந்தது? 2007-ல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து. ஒன்பது வருஷம். இதைவிட சுவாரஸ்யம் ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் இதை அடைத்தவர் டோர்வால்ட்ஸே. அடைக்கும்போது அவர் எழுதிய குறிப்பில் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்திருந்தார். இது பழைய பிழை, பதினொரு வருஷம் முன்னால் நானே இதைச் சரிசெய்யப் பார்த்தேன், சரியாகச் செய்யவில்லை, அந்தத் திருத்தம் வாபஸ் ஆயிற்று என்று. 2005-ல் அவர் போட்ட ஒட்டு, ஐ.பி.எம்.மின் எஸ்390 ரகப் பெரிய கம்ப்யூட்டர்களில் ஒத்துவரவில்லை. அந்த மெஷின்கள் 'டர்ட்டி' அடையாளத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்கிற சாதி. எனவே நீக்கிவிட்டார்கள். அன்றைக்கு இப்படி நேரம் மாட்டுவது ஏட்டளவில்தான் சாத்தியம் என்று தோன்றியது. கம்ப்யூட்டர்களும் மெமரி நிர்வாகமும் மாறிப்போனதில் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவ ஆரம்பித்துவிட்டது. திருடனின் கறிக்கு.

2016-ல் செய்த திருத்தம் என்ன தெரியுமா? டோக்கனில் 'எழுத' என்பதை அடிக்காதே. அப்படியே விடு. பக்கத்தில் 'நகல் கொடுத்தாயிற்று' என்று இன்னொரு முத்திரை குத்து. கடைசியில் பக்கத்தை நீட்டும் முன், முத்திரையும் இருக்கிறதா, கையில் உள்ள பக்கத்தில் டர்ட்டி அடையாளமும் இருக்கிறதா என்று ஒருமுறை பார். இவ்வளவுதான். மொத்தம் இருபது வரிகூட இல்லை. இரண்டு கோடி வரிகளுக்கு மேல் இருக்கிற ஒரு கர்னலில், ஒன்பது வருஷத்து ஓட்டையை அடைக்க ஒரு போஸ்ட்கார்டில் எழுதக்கூடிய மருந்து.

அந்த அக்டோபர் மூன்றாவது வாரத்திலேயே 4.8.3, 4.7.9, 4.4.26 என்று திருத்திய பதிப்புகள் வெளிவந்துவிட்டன. ரெட் ஹாட், உபுண்டு, டெபியன் எல்லோரும் சில நாட்களுக்குள் ஒட்டுப் போட்டுவிட்டார்கள். பெரிய நிறுவனங்களின் சர்வர்களைக் கவனிக்க, மாசம் பிறந்தால் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ராத்திரி கண் விழித்து மாற்றியிருப்பார்கள்.

உங்கள் போனுக்கு யார் கண் விழித்தார்கள்?

சண்டை இங்கேதான். இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் முன்னுரை.

உங்கள் போனில் இருப்பது டோர்வால்ட்ஸ் திருத்திய கர்னல் இல்லை. அதன் பேரனோ கொள்ளுப்பேரனோ. 2016-ல் உலகம் 4.8-ல் இருந்தபோது, கடைகளில் விற்ற ஆண்ட்ராய்ட் போன்களில் 3.10, 3.18 என்று பழைய வம்சங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. 3.10 வெளிவந்தது 2013-ல். மூலத்திலிருந்து கூகுள் ஒரு நகல் எடுத்து மாற்றும். அதிலிருந்து சிப் செய்கிற கம்பெனி ஒரு நகல் எடுத்துத் தன் சரக்கைச் சேர்க்கும். அதிலிருந்து போன் கம்பெனி ஒரு நகல் எடுத்து, கூடவே நீங்கள் கேட்காத நாலு ஆப்களையும் திணித்துப் பெட்டியில் போடும். ஆக, மூலத்தில் குத்திய முத்திரை உங்கள் போனுக்கு வர வேண்டுமென்றால் இத்தனை மேஜைகளைத் தாண்ட வேண்டும். எந்த மேஜையிலாவது ஒரு ஆள், 'இந்த மாடல் பழசு, இதுக்கு எதுக்குப் போட்டுக்கிட்டு' என்று ஃபைலை மூடிவிட்டால் கதை முடிந்தது. உங்களுக்குக் கடிதம் வராது. போன் வழக்கம்போல் 'குட் மார்னிங்' படங்களைக் காட்டிக்கொண்டிருக்கும்.

கூகுள் தன் பங்குக்கு 2016 நவம்பர், டிசம்பர் ஆண்ட்ராய்ட் பாதுகாப்பு அறிக்கைகளில் இந்தத் திருத்தத்தைச் சேர்த்தது. அறிக்கையில் சேர்ப்பது வேறு, அம்மாபேட்டையில் ஒருவர் கையில் இருக்கும் போனில் வந்து சேர்வது வேறு.

இப்போது தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். டர்ட்டி கௌ வெளியே தெரிந்தது 2016 அக்டோபர் மூன்றாவது வாரம். நவம்பர் 8-ம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு 500, 1,000 ரூபாய் நோட்டுக்கள் செல்லாது என்று பிரதமர் டி.வி.யில் அறிவித்தார். ஏ.டி.எம். வாசலில் நின்று கால் கடுத்த நம்மிடம், பணத்தையெல்லாம் போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். டிசம்பர் 30-ம் தேதி பீம் ஆப் வந்தது. ஒரு தேசத்தையே தன் மணிபர்ஸைப் போனுக்குள் வைக்கச் சொன்ன அதே மாதங்களில், அந்தப் போனின் பின்கதவு திறந்திருக்கிறது என்ற சேதியும் உலகம் பூராவும் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பேசியவர்கள் மிகக் குறைவு. பணத்தை உள்ளே வை என்று சொன்னவர்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது யார் பொறுப்பு என்று சொல்லவில்லை.

சும்மா பூச்சாண்டி காட்டவில்லை. ஒரு வருஷம் கழித்து, 2017 செப்டம்பரில், ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் ஸ்நியூ என்ற போன் வைரஸைப் பற்றி எழுதியது. டர்ட்டி கௌ ஓட்டை வழியாகப் போனைக் கைப்பற்றும் முதல் ஆண்ட்ராய்ட் வைரஸ் என்றார்கள். விளையாட்டு ஆப், பலான ஆப் என்று வேஷம் போட்டு 1,200-க்கும் மேற்பட்ட ஆப்களில் ஒளிந்திருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் 5,000-க்கும் அதிகமானவர்கள் மாட்டினார்கள். அதிகம் மாட்டிய இரண்டு நாடுகள் சீனாவும் இந்தியாவும்.

5,000 என்பது சின்ன எண்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள். மருந்து கண்டுபிடித்து பதினோரு மாதம் ஆகியும், அதே வியாதி அதே உடம்புகளைத் தாக்குகிறது என்றால், மருந்தில் குறை இல்லை. மருந்துக்கடையில் குறை.

இதில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. தன் போனைத் தானே திறந்து மாற்றிக்கொள்ள ஆசைப்பட்ட கில்லாடிகள், இதே டர்ட்டி கௌவை உபயோகித்துத் தங்கள் சொந்தப் போன்களைத் திறந்துகொண்டார்கள். காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்குள் நுழைய, சொந்தக்காரனே திருடன் சாவியைக் கடன் வாங்க வேண்டிய நிலைமை. சாவி கம்பெனியிடம்; பூட்டு ரிப்பேர் ஆனால் மட்டும் அது உங்கள் பிரச்னை.

எதிர்க்கட்சியின் வாதங்களைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. ஒவ்வொன்றாக வரட்டும்.

முதல் வாதம்: 'கண்ட கண்ட ஆப்பை இறக்காமல் ஒழுங்காக இருந்தால் ஒன்றும் ஆகாது.' பாதி உண்மை. டர்ட்டி கௌ தானாகப் பறந்து வந்து ஒட்டிக்கொள்கிற ஜாதி இல்லை. ஏதோ ஒரு புரோகிராம் முதலில் உள்ளே வந்தாக வேண்டும். ஆனால் சாதாரண ஆப்புக்கும் எஜமானனுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தானே நீங்கள் விளையாட்டு ஆப்பையும் பேங்க் ஆப்பையும் ஒரே போனில் வைத்திருக்கிறீர்கள்? அந்தச் சுவர்தான் கர்னல். 'விருந்தாளி யாரையும் வீட்டுக்குள் விடாதே' என்பது, பீரோவுக்குப் பூட்டு போடாதவர் சொல்கிற புத்திமதி.

இரண்டாவது வாதம்: 'இதெல்லாம் ஓசி சாஃப்ட்வேர், இலவசமாகக் கிடைப்பது இப்படித்தான் இருக்கும்.' இதைச் சொல்கிறவர்கள் 2017 மே 12-ம் தேதியை மறந்துவிட்டார்கள். வான்னாக்ரை வைரஸ் விண்டோஸ் மெஷின்களைப் பூட்டி, பிரிட்டனின் அரசு ஆஸ்பத்திரிகளில் அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தான நாள். விண்டோஸ் ஓசி இல்லை. அதற்கும் மருந்து இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ம் தேதியே தயாராகிவிட்டது. போய்ச் சேரவில்லை. இலவசமோ காசோ, வியாதி ஒன்றுதான்.

மூன்றாவது வாதம் எதிர்ப்பக்கத்திலிருந்து, ஓப்பன் சோர்ஸ் பக்தர்களிடமிருந்து வருவது. பல கண்கள் பார்த்தால் பிழைகள் தப்பாது என்று எரிக் ரேமண்ட் சொன்னதை அவர்கள் வேதமாக ஓதுவார்கள். அவர்களுக்கும் என்னிடம் ஒரு குட்டு இருக்கிறது. ஒன்பது வருஷம் எல்லாரும் பார்க்கத் திறந்துதானே வைத்திருந்தது? திறந்திருப்பது வேறு, யாராவது உட்கார்ந்து படிப்பது வேறு. நூலகத்தில் இருக்கும் புத்தகங்களை எல்லாம் ஊரே படித்துவிட்டது என்று அர்த்தமா? 2016-ல் போட்ட ஒட்டும் முழுசாக இல்லை. பெரிய சைஸ் பக்கங்களைக் கையாளும் பகுதியில், நகலே எடுக்காமல் 'டர்ட்டி' அடையாளத்தை மட்டும் வாங்கிவிட வழி இருந்தது. அதை 2017 நவம்பரில் கண்டுபிடித்தார்கள். 2022-ல் இதே குடும்பத்தில் இன்னொரு ஓட்டை. அப்போது 2016-ல் குத்த ஆரம்பித்த அந்த முத்திரையையே தூக்கிப் போட்டுவிட்டு, வேறு முறைக்கு மாறினார்கள்.

ஆனால் ஒரு விஷயத்துக்காக அவர்களைக் கும்பிட வேண்டும். ஒவ்வொரு தப்பும் தேதியோடு, காரணத்தோடு, செய்தவர் பெயரோடு பதிவாகி இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற மனிதர், 'பதினொரு வருஷம் முன்னால் இதை நான் சரியாகச் செய்யவில்லை' என்று எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறார். நம் ஊரில் பாலம் விரிசல் விட்டால் யாராவது இப்படி எழுதுவார்களா? 2022-ல் மறுபடி வந்த ஓட்டை எதைச் சொல்கிறது என்றால், திருத்தம் என்பது ஒருநாள் கல்யாணமில்லை, தினசரி குடித்தனம். ஒருமுறை அடைத்துவிட்டு மறந்துபோகிற சமாசாரமே இல்லை. மூன்று வருஷத்தில் அப்டேட்டை நிறுத்திவிட்டால் நான்காவது வருஷத்து ஓட்டை உங்கள் போனில் நிரந்தர உறுப்பினர்.

நான்காவது வாதம்தான் கனமானது. கம்பெனிக்காரர்கள் சொல்வது: 'பத்தாயிரம் ரூபாய் போனில் எங்களுக்கு மிஞ்சுவதே சொற்பம். ஒவ்வொரு மாடலுக்கும் மாதாமாதம் ஒட்டுப் போட்டு, சோதித்து அனுப்ப ஆள், காசு, நேரம் எல்லாம் வேண்டும். யார் கொடுப்பது?' நியாயமான கேள்வி. இருக்கட்டும், கொடுக்க முடியாது என்றால் கொடுக்க வேண்டாம். அதை விற்பதற்கு முன்னால் சொல்லுங்கள் என்கிறேன். 'இந்தப் போனுக்கு 2 வருஷம்தான் பாதுகாப்பு' என்று பெட்டி மேல் அச்சடியுங்கள். பக்கத்துக் கம்பெனி 5 வருஷம் என்று போடட்டும். ஆயிரம் ரூபாய் கூடக் கொடுப்பதா வேண்டாமா என்று நான் தீர்மானித்துக்கொள்கிறேன். தேதியை மறைத்து வைத்துவிட்டு, விலை குறைவு என்று மார்தட்டுவது, பழைய பிரெட்டை லேபிள் கிழித்து விற்கிற வேலை.

முடியாத காரியத்தையும் நான் கேட்கவில்லை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018-லேயே, குறைந்தபட்சம் எத்தனை காலம் அப்டேட் தருவீர்கள் என்று முடிவு செய்து வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்துங்கள் என்று போன் கம்பெனிகளுக்கு யோசனை சொன்னது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அது சட்டம். இன்டர்நெட்டில் இணையும் வீட்டுச் சாதனங்களை விற்பவர், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை வரும் என்று பகிரங்கமாகச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் ஸ்மார்ட்போன் அப்டேட்களுக்கு ஐந்தாண்டுக் கணக்கு வைத்து விதி வந்துவிட்டது. அங்கேயும் வக்கீல்கள் சந்து பொந்து தேடுவார்கள். ஆனாலும் தேட வேண்டிய அளவுக்கு ஒரு சுவராவது எழுப்பியிருக்கிறார்கள். கூகுள் 2023 அக்டோபரில் பிக்ஸல் 8-க்கு ஏழு வருஷம் என்றது. மூன்று மாதம் கழித்து சாம்சங் தன் எஸ்24-க்கும் ஏழு வருஷம் என்றது. முடியாது, முடியாது என்று இத்தனை காலம் சொன்னது ஒரு சின்னப் போட்டி வந்ததும் முடிந்துவிட்டது பார்த்தீர்களா? என்ன, அதெல்லாம் எழுபதாயிரம், எண்பதாயிரம் ரூபாய் போன்கள். காசுள்ளவனுக்கு ஏழு வருஷம் காவல்காரன். காய்கறி வண்டியில் க்யூ.ஆர். அட்டை மாட்டி வைத்திருக்கும் அம்மாவுக்கு?

அந்த அம்மாவின் வாழ்வாதாரம் முழுக்க ஒரு பழைய போனில் இருக்கிறது. மகன் உபயோகித்துவிட்டுக் கொடுத்தது. அதன் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது, அந்தச் செய்தி அவருக்குத் தெரியாது. பாங்கிலிருந்து அவருக்கு வரும் எஸ்.எம்.எஸ். என்ன சொல்கிறது? 'ஜாக்கிரதையாக இருங்கள், உங்கள் போனை அப்டேட் செய்துகொள்ளுங்கள்.' வராத அப்டேட்டை அவர் எங்கே போய்ச் செய்வது? பஸ்ஸே விடாத ரூட்டில் நின்றுகொண்டு, பயணிகள் ஏன் சரியான நேரத்துக்கு வருவதில்லை என்று கேட்பது மாதிரி இருக்கிறது. ஏமாந்த பிறகு 'நீங்கள் கவனமாக இருந்திருக்க வேண்டும்' என்று பழியையும் அவர் மேலேயே போடுவார்கள்.

நம் அரசாங்கத்தின் செர்ட்-இன் அமைப்பு ஆண்ட்ராய்ட் ஓட்டைகளைப் பற்றி அவ்வப்போது எச்சரிக்கை வெளியிடுகிறது. நல்ல காரியம். ஒவ்வொரு எச்சரிக்கையின் கடைசியிலும் ஒரே தீர்வு: தயாரிப்பாளர் தரும் அப்டேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் தராவிட்டால்? விலையையும் தயாரித்த மாதத்தையும் பெட்டியில் அச்சடிக்க வைக்க 2011-ம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகள் நம்மிடம் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் ஸ்மார்ட்போன்களுக்கென்று ஒரு வரி கூடுதலாகச் சேர்ப்பதற்கு ராக்கெட் விடுகிற அறிவு வேண்டாம். 'பாதுகாப்பு அப்டேட் இன்ன மாதம், இன்ன வருஷம் வரை.' ஒரு வரி. கர்னலின் ஒன்பது வருஷத்து ஓட்டையை இருபதுக்கும் குறைந்த வரிகளில் அடைத்தார்கள். நம் ஓட்டைக்கு ஒரே வரி போதும்.

அந்த வரி வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. இந்தப் பக்கத்தை மடித்துவைத்துவிட்டு உங்கள் போனை எடுங்கள். செட்டிங்ஸுக்குள் போய், அபவுட் போன் அல்லது செக்யூரிட்டி என்கிற இடத்தில் தேடினால் 'ஆண்ட்ராய்ட் செக்யூரிட்டி அப்டேட்' என்று ஒரு தேதி இருக்கும். கடைசியாகத் தாழ்ப்பாள் போட்ட தேதி அது. இரண்டு மூன்று மாதத்துக்குள் இருந்தால் சந்தோஷம். இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தியதாக இருந்தால், அந்தப் போனில் பாட்டு கேளுங்கள், கிரிக்கெட் பாருங்கள், பாங்க் கணக்கை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அப்படியே உங்கள் அம்மாவின் போனையும் வாங்கிப் பாருங்கள். உங்கள் பழைய போன்தானே அது?

அடுத்த தடவை கடைக்குப் போகும்போது மெகாபிக்ஸலைக் கேட்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: 'செக்யூரிட்டி அப்டேட் எந்தத் தேதி வரைக்கும்?' அந்தப் பையன் முழிப்பான். கவர் ஃப்ரீ என்பான். பரவாயில்லை, கேளுங்கள். ஒரு நாளைக்கு பத்துப் பேர் கேட்டால் அவன் மேனேஜரைக் கேட்பான். நூறு மேனேஜர் கேட்டால் கம்பெனி யோசிக்கும். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்குவதில்லை என்று நாம் ஒரு காலத்தில் பழகிக்கொள்ளவில்லையா, அந்த மாதிரிதான்.

கவரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ரீதானே.